முகம் பொருந்தவில்லை

ஆஸ்துமாவுக்கு ஏழு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில் வடிவுக்கரசியின் முகம் உப்பிப்போயிருந்தது. இன்று காலை சுவரிலிருந்த மருந்துப்பெட்டி அவளுக்குத் திறக்கவில்லை. உடைத்தால் உள்ளிருக்கும் மருந்தை எரித்துவிடும் ரகம் அது.

"முகம் பொருந்தவில்லை" என்றது பெட்டி.

"கன்னத்த உள்ள இழுத்துப் பாரு, வடிவு" என்றான் கணவன் தணிகாசலம். இழுத்தாள். இருமல்தான் வந்தது.

உதவி எண்ணில் பேசிய பெண் கனிவாகச் சொன்னாள்: "பழைய முகம் வந்ததும் தானா திறக்கும் மேடம். மாத்திரைய மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"மாத்திரையே பெட்டிக்குள்ளதாம்மா இருக்கு!"

தணிகாசலம் தன் முகத்தைக் காட்டினான். பெட்டி அவனை உடனே கண்டுகொண்டது.

"வணக்கம், தணிகாசலம். உங்கள் அருகில் அந்நியர் ஒருவர் நிற்கிறார். உங்கள் மனைவியின் பாதுகாப்புக்காகப் பெட்டி பூட்டப்படுகிறது."