கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு இருப்பது என் குற்றமில்லை. ஒரே அறை, ஒரே டீச்சர் திலகவதி. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. வலப்பக்கம் இங்கிலீஷ் மீடியம், இடப்பக்கம் தமிழ் மீடியம். எந்தப் பக்கம் தலை குறைந்தாலும் அதை மூடிவிடுவார்களாம். அதனால் டீச்சர் தினமும் கோட்டைக் காலால் அழித்துத் தள்ளிப் போடுகிறார். இட்லிக்கடை சகாயமேரியின் மகள் திங்களன்று இங்கிலீஷ், செவ்வாயன்று தமிழ்.

இன்று தலை எண்ண அதிகாரி வருகிறார். மகள் மறுபடி தமிழ்ப் பக்கம். சகாயமேரி மாவுக்கையோடு வகுப்புக்குள்ளேயே போய்விட்டாள்.

"இவளை இங்கிலீஷ் பக்கமே விடுங்க டீச்சர். வீட்டுல எந்தப் புத்தகத்தை எடுக்கறதுன்னே புள்ளைக்குத் தெரியல."

"ரெண்டு பக்கத்துக்கும் நான்தாம்மா கத்துறேன். இவ அங்க போனா இங்க ஒண்ணு குறையும். அதுக்கு நான் எங்க போவேன்?"

சகாயமேரி மகளைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். காலியான இடத்தில் தானே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, சகாயமேரி பக்கம் திரும்பினார்.

"பேரு கூப்பிட்டா எந்திரிச்சு நிக்கணும், தெரியும்ல?"