அஸ்ஹர் முதலாளியின் ஓடர்

“பத்து ராஸ்பெரி பை வேணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விடுதிக்குக் கொண்டு வாங்க. சொணங்க வாணாம், வெளங்கிச்சா?”

நடுவில் இரண்டு செருமல். கடைசியில் ஒரு ‘ம்ம்’. எல்ல டவுனில் விடுதி வைத்திருக்கும் அஸ்ஹர் முதலாளியின் குரல், அச்சு அசல்.

பேசியது நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. பள்ளிக்கூட லீவு. என் நம்பர் தெரிந்துவிடும் என்று என் கூட்டாளி தினேஸின் போனில் பேசினேன். அவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உருண்டான்.

அந்தப் பக்கம் இருந்து அகஸ்டினா அக்கா, “சரிங்க முதலாளி” என்றார்.

அக்காவுடையது எங்கள் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு. டுபாயில் வீட்டு வேலை செய்த இடத்தில் பழகிக்கொண்டு வந்த பலகாரம் அந்த ராஸ்பெரி பை. மாவை விரித்து, பழத்தைக் கொட்டி, மேலேயும் மாவால் மூடி, கரண்ட் அடுப்புக்குள் வைத்துச் சுடுவார். போன வாரம் அதை விற்பதற்காக அஸ்ஹர் முதலாளியிடம் போய்க் கேட்டார். “சொல்லி அனுப்புறேன்” என்றாராம். அன்றிலிருந்து அக்கா போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

நான் விட்டுவைத்த ஆள் யாருமில்லை. நல்லையா கங்காணி குரலில் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டு, லயம் முழுவதையும் கூடையோடு வெளியே ஓடிவர வைத்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு அக்கா இரண்டு வாளியோடு எங்கள் வாசலில் நின்றார்.

“டேய் றுஷாந்தா, வாடா! பெரிய ஓடர் வந்திருக்கு. முள்ளுப்பழம் பறிக்கணும்.”

நாங்கள் முள்ளுப்பழம் என்பதைத்தான் ஹோட்டல்காரர்கள் ராஸ்பெரி என்பார்கள். கைவிட்ட தேயிலை மலையில் புதர் புதராய்க் கிடக்கும். விரல் பட்டாலே பழம் நசுங்கிவிடும். முள் நசுங்காது.

“போதும்க்கா.”

“எது போதும்? பத்து பைடா! அந்தா மேல ஏறு, அங்கதான் நல்லாப் பழுத்துக் கெடக்கு.”

ஏறினேன். கையெல்லாம் கீறல். காலில் மூன்று அட்டை. அக்காவின் போன் அடித்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்தார்.

“ஏஜென்சிக்காரன். மறுபடி டுபாய்க்குக் கூப்பிடுறான். இந்த ஓடர் சரியா வந்தா போகத் தேவையில்ல.” ஒரு பழத்தை ஊதி வாளியில் போட்டார். “நான் திரும்பி வந்த அன்னைக்கு என் மக விதுஷா என்னையப் பார்த்து ‘இது யாரு?’ன்னு கேட்டாடா. இப்ப ரெண்டு வருஷமாத்தான் அம்மா அம்மான்னு ஒட்டிக்கிட்டுத் திரியுறா.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். தோட்டத்தில் இருக்கிற அத்தனை பேர் குரலும் எனக்கு வரும். அன்றைக்கு என் குரல் வரவில்லை.

மறுநாள் காலை, “பெட்டியத் தூக்குடா, ஒத்தையாத் தூக்க ஏலாது” என்று என்னையும் ஹாலிஎலயில் பஸ் ஏற்றினார். மடியில் பெட்டி சுட்டது. பத்து பைக்கு இது அவ்வளவு பாரமில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

விடுதி வாசலில் அக்கா சேலையைச் சரிசெய்து கொண்டிருந்தபோது நான் பெட்டியோடு உள்ளே ஓடினேன்.

“முதலாளி, அக்காவ ஏசாதீங்க. நேத்து உங்க குரல்ல ஓடர் சொன்னது நான்தான். வேணும்னா என்னைய அடிங்க. கொண்டு வந்ததைத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க!”

அஸ்ஹர் முதலாளி செருமினார்.

“எங்க, பேசிக் காட்டு.”

“இங்கயா?”

“இங்கதான்.”

பேசினேன், செருமலும் ‘ம்ம்’மும் சேர்த்து. சமையலறையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். அவர் மென்று விழுங்குவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன்.

“ம்ம். திங்கக்கிழமைல இருந்து தெனம் நாலு கொண்டு வாங்க. இதே ருசி இருக்கணும், வெளங்கிச்சா?” என்றார், என் பின்னால் வந்து நின்ற அக்காவிடம்.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்ததும் நாலே நாலுதான்.

“அக்கா... பத்து?”

அக்கா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். பஸ் ஹோல்ட்டுக்கு நடக்கும்போதுதான் ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவரு பள்ளிவாசல்ல தொழுகையில இருப்பாருன்னு எனக்குத் தெரியாதாடா?”

எனக்குக் காது சுட்டது.

“ரெண்டு மணிக்கு நானே அவருக்குப் போன் போட்டேன். உன் புண்ணியத்துல பேச ஒரு சாக்குக் கெடைச்சுச்சு. ‘நாலு கொண்டு வாங்க, தின்னு பார்ப்பம். அந்தப் பயலையும் கொண்டு வாங்க’ன்னாரு.”

“அப்ப பத்துக்குப் பழம் என்னத்துக்குக்கா பறிக்க வச்சீங்க?”

“பத்துன்னு ஓடர் குடுத்தது நீதானே?”

“மிச்சம் ஆறு பை?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. தினேஸ்.

“டேய், என்னடா இப்படித் திருந்திட்ட? இவ்வளவு நாள் எல்லாரு குரல்லயும் பேசி வம்பு பண்ணினதுக்கு மன்னிப்புக் கேட்டு நீ குடுத்து விட்டன்னு சொல்லி, விதுஷா வீடு வீடா பை குடுத்துக்கிட்டுப் போறா! நல்லையா கங்காணி கண்ணத் தொடைச்சுக்கிட்டே திங்கிறாருடா!”

அக்காவைப் பார்த்தேன். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன்டா, அடுத்தவங்க பேர்ல பேச உனக்கு மட்டுந்தான் தெரியுமா?”