கொழுப்புப் பால்

என் மருமகளின் வயிற்றில் கல் எதுவும் இல்லை என்று முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது.

"வலிக்கு வேற காரணம் ஏதாவது இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண்.

"எங்க குடும்பத்துல வேற காரணத்துக்கு இடமே இல்ல, டாக்டர்" என்றேன்.

"அப்போ பித்தப்பை சரியா வேலை செய்யுதான்னு பாத்துடலாம். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. ஆடையோட கெட்டியா பால் காய்ச்சிக் கொண்டு வாங்க. அந்தக் கொழுப்பு உள்ள போனா பை பாதியாச் சுருங்கணும். சுருங்கலேன்னா எடுத்துடணும்."

மறுநாள் பாலை நானே காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன்.

"மாமனாரே காய்ச்சினாரா? குடுத்து வச்சவம்மா நீ" என்றாள் நர்ஸ்.

மருமகள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, தண்ணி மாதிரி இருக்கே."

"பேசாம குடிம்மா."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். பை கொஞ்சமும் சுருங்கவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன் என்றார் டாக்டர். சம்பந்தி உட்பட எல்லா உறவுக்காரர்களுக்கும் நானே போன் செய்து, பித்தப்பைக் கோளாறு என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், காலையில் பாலிலிருந்து மூன்று முறை வழித்தெடுத்து ஒளித்து வைத்திருந்த ஆடையைச் சாக்கடையில் கொட்டினேன். பிறகு மகனைக் கூப்பிட்டேன்.

"இனிமே அவளை வயித்துல உதைக்காதே. அடுத்த தடவை பழியைப் போட அவளுக்குப் பித்தப்பை இருக்காது."