கோட்டைக்கிளியின் கோபம்

“வளர்மதியா? வூட்லதான் இருக்குது. ஒரு வாரமா யார் கூடவும் மொகம் குடுத்துப் பேசல,” என்றாள் தெருக்குழாயடியில் நின்றிருந்த பெண்.

விசாரித்த பிருந்தா தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் தன் வாய்க்கொழுப்பால் வந்தது. சேலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலையடிவாரத் தெருவில் வேகமாக நடந்தாள்.

செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை நடத்துகிறவளுக்கு எட்டு மணி சீரியல் பார்க்கக் கொடுத்துவைக்குமா? ‘பவழமல்லி வீடு’ ரசிகர்களின் இணைய மன்றம்தான் அவளுக்குக் கதி. அங்கே ‘கோட்டைக்கிளி’ என்ற பெயரில் வளர்மதி தினமும் அன்றைய கதையை எழுதுவாள். மாமியார் தொண்டையைச் செருமியதிலிருந்து மருமகளின் வளையல் குலுங்கியது வரை ஒன்றும் தப்பாது. சிங்கப்பூரில் இருக்கிறவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

போன வாரம் பிருந்தா சும்மா இருந்திருக்கலாம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் கதாநாயகி கட்டிய சேலையைக் கேட்டு உயிரை வாங்க, அந்த எரிச்சலை மன்றத்தில் கொட்டிவிட்டாள்.

“சேலை இன்னா கலருன்னு ஒருநாளாவது எழுதியிருக்கியா? கண்ண எங்க வெச்சினு பாக்குற?”

அன்றிலிருந்து கோட்டைக்கிளி மாயம். மன்றமே பிருந்தாவின் மேல் பாய்ந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நீயும் வராதே என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கடையை மூடிவிட்டு வந்தால் பிருந்தாவுக்குப் பேச்சுத்துணை அவர்கள்தான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வாள்? நல்லவேளை, தீபாவளிப் பலகாரம் அனுப்ப வளர்மதியிடம் வாங்கிய விலாசம் கைவசம் இருந்தது.

வளர்மதி வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடித்தான் கிடந்தது.

“நான்தாம்மா ஜவுளிக்கடை பிருந்தா. ஏதோ டென்ஷன்ல கேட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத. கலரு கிலரு ஒண்ணும் வாணாம், நீ எழுதுனாப் போதும்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலையை எடுத்து நீட்டினாள்.

வளர்மதி பதறி எழுந்தாள். “உங்க மேல எனக்கு இன்னாக்கா கோவம்? கதை தெரியாம நானே பைத்தியம் புடிச்ச மாரி கெடக்குறேன்.”

“அப்ப நீ சீரியலே பாக்கலையா?”

“பக்கத்து வூட்டுப் பொண்ணு பன்னண்டாவது போயிடுச்சு. படிப்பு கெட்டுடும்னு கேபிளக் கட் பண்ணிட்டாங்க.”

பிருந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அவங்க வூட்ல கட் பண்ணா உனக்கு இன்னா?”

வளர்மதி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வூட்ல ஏதுக்கா டிவி, எல்லாம் செவுத்துல காத வெச்சுக் கேட்டதுதான்.”