மோத்திக்கு ஓர் ஊசி

"ஒரு ஊசி போட்டு, வலியில்லாம அனுப்பிடுங்க டாக்டர்" என்றாள் சுந்தரவல்லி. சொல்லும்போதே கண் கலங்கியது.

டெல்லி லாஜ்பத் நகரில் டாக்டர் வடிவின் கிளினிக். மேஜைமேல் மோத்தி ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளை வெளேரென்று சடை தொங்கிய நாய். இப்போது காதோரமும் கால் மூட்டும் முடி கொட்டி, தோல் தடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது.

பிள்ளை மாதிரி வளர்த்ததைச் சுந்தரவல்லி சொன்னாள். ஆள் வைத்து வேப்பெண்ணெய் தடவியாயிற்று, கந்தகப் பொடி போட்டாயிற்று. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறுகிறவர்களெல்லாம் முகம் சுளிக்கிறார்கள். கணவர் மாசிலாமணியிடம் கேட்டால், உன் நாய், உன் இஷ்டம் என்கிறாராம்.

"அவருக்குக் கல்லு மனசு டாக்டர். மோத்தியைத் தொட்டதே இல்லை. ஊசின்னு சொன்னதும் ஆபீசுக்கு லீவு போட்டுட்டார். பக்கத்துல இருக்கிற டாக்டர் வேணாம், உங்ககிட்டதான் வரணும்னு ஒரே பிடிவாதம்."

மாசிலாமணி முழுக்கை ஸ்வெட்டரோடு சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி நின்றார்.

டாக்டர், மோத்தியின் காது மடலை இரண்டு விரலால் தேய்த்தார். அதன் பின்னங்கால் தானாக எழும்பிக் காற்றில் சொறிந்தது. பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"சொறிப் பூச்சிதான். சாகடிக்கிற ஊசியெல்லாம் வேண்டாம். முடியை வெட்டிட்டு, வாரா வாரம் மருந்துத் தண்ணியில குளிப்பாட்டுங்க. ஹோலி தாண்டறதுக்குள்ள புது முடி வந்துடும். நான் பொறுப்பு."

இந்தப் பூச்சி மனிதர்மேலும் ஏறும், வீட்டில் யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். சுந்தரவல்லி அவசரமாக இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லை.

டாக்டரின் பார்வை மாசிலாமணி பக்கம் போயிற்று. அவர் விரல்கள் ஸ்வெட்டருக்குள் எதையோ சொறிந்துகொண்டிருந்தன. ஸ்வெட்டர் கையை மடித்துவிடும்படி டாக்டர் சொன்னார். மாசிலாமணி தயங்கித் தயங்கி மடித்தார். முன்கையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்புத் தடிப்புகள். ஸ்வெட்டரைத் தூக்கிச் சட்டைப் பித்தானை அவிழ்த்தபோது நெஞ்சிலும் அதே தடிப்பு.

"நாயை மாரோட அணைச்சு வெச்சிருந்தா இந்த இடத்துலதான் சார் வரும். பயப்படாதீங்க. மோத்திக்குக் குணமானா உங்களுக்கும் போயிடும்."

சுந்தரவல்லி கணவரையே பார்த்தாள்.

அவர் பித்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"முடி கொட்ட ஆரம்பிச்சதும் நீ அதைத் தொடறதை நிறுத்திட்டே, வல்லி. யாராவது தூக்கி வெச்சுக்கிட்டாத்தான் அது தூங்குது."