தணிகாசலத்தின் எக்ஸ்ரே

தட்டாஞ்சாவடி டைல்ஸ் கம்பெனியின் ஆபீஸ் அறையில் தணிகாசலம் இருமலை அடக்கிக்கொண்டு நின்றான்.

"உக்காருங்க. மெடிக்கல் ரிப்போர்ட் வந்திருக்கு," என்றாள் மேனேஜர் பூர்ணிமா. "உங்க எக்ஸ்ரேல, நுரையீரல்ல பெரிய கட்டி தெரியுதாம்."

அவன் முகம் வெளுத்துப்போனது. "நல்லா பாத்தாங்களா மேடம்? அது என்னுதுதானா?"

"உங்க பேர்தான் போட்டிருக்கு. பயப்படாதீங்க. முன்னெல்லாம் இருமினாலே ஆள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப சட்டம் மாறிடுச்சு. நாப்பது தாண்டினவங்களுக்கு வருஷா வருஷம் செக்கப் பண்றது எங்க பொறுப்பு. உங்க வேலை போகாது. வைத்தியத்தையும் கம்பெனியே பாத்துக்கும்."

"வெளி ஆளுன்னா பாப்பீங்களா மேடம்?"

"அதெப்படி? கம்பெனி ஆளுங்களுக்கு மட்டுந்தான்."

கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டியவன், எழுந்து வெளியே வந்தான்.

கேட்டருகே தம்பி ஏழுமலை காத்திருந்தான். மார்க்கெட்டில் கடை கடையாக மூட்டை தூக்குபவன்.

"என்னண்ணே, பாஸா? உனக்குப் பதிலா நான் போய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டது யாருக்கும் தெரியலியே?"

தணிகாசலம் தம்பியின் நெஞ்சையே பார்த்தான்.

ஏழுமலை சிரித்தபடி தன் மார்பைத் தட்டிக் காட்டினான். "பீடிகூடத் தொடாத நெஞ்சுண்ணே! இனிமே உன் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்ல."