கடைசியாக வந்த தலைவன்

பூரணத்தின் புருசன் இசக்கிமுத்துவுக்குத் தீவிரவாதத் தலைவன் தரவேண்டிய கூலி ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். யாருக்குச் சுவர் கட்டினோம் என்றே தெரியாத கொத்தனார் அவன். கூலி கேட்டுப் பதினான்கு தடவை போன் அடித்ததில், தலைவனோடு தொடர்புள்ளவர்களைக் கணக்கெடுக்கும் சர்க்கார் இயந்திரத்தின் பட்டியலில் கடைசிப் பெயராக ஏறிவிட்டான்.

அந்தத் தலைவனைச் சர்க்கார் குண்டு போட்டுக் கொன்ற வருசம் ஆளுங்கட்சி ஜெயித்தது. அதன்பின் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தலைவன் சாக வேண்டியிருந்தது. ஒருவன் செத்ததும் பட்டியலில் அடுத்த பெயரை இயந்திரம் தலைவனாக்கும். போன மாதம் இசக்கிமுத்துவின் முறை வந்தது.

"தலைவரே, எனக்கொரு மந்திரி பதவி போட்டுக் குடுங்க" என்றான் டீக்கடைக்காரன். இசக்கிமுத்துவும் சிரித்தான். மறுநாள் சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தவன்மேல் குண்டு விழுந்தது. தலைவன் செத்தான் என்று ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள்.

இன்றைக்கு, முதலில் செத்த தலைவனின் கணக்கு நோட்டோடு சர்க்கார் அதிகாரி ஒருவர் வந்தார். "உங்க வீட்டுக்காரருக்குக் கூலி பாக்கின்னு இருக்கும்மா. வாங்கிக்கிறீங்களா?"

அவன் வெறும் கொத்தனார் என்பதற்கு அந்தப் பாக்கிக் கணக்கு ஒன்றுதான் சாட்சி. ஆனால் அந்தப் பணத்தைத் தொட்டவர் பெயர் பட்டியலில் அடுத்ததாக ஏறும். பூரணம் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அவரு அங்க வேலையே பார்க்கலைங்க."

"அப்ப நெசமாவே தலைவருதானா?"

"ஆமாங்க" என்றாள்.

அதிகாரி பாக்கியைக் கோடு போட்டு அடித்துவிட்டு நோட்டை மூடினார்.